இறக்கத்துக்கு ஒரு டயர்

தங்கையா அந்தத் தேயிலை எஸ்டேட்டில் இருபத்திரண்டு வருஷம் லேண்ட்ரோவர் ஓட்டியவர். அதில் ஏழு மாதம், சாயங்கால இறக்கத்தில், அவருடைய வண்டியில் ஒரு பெண்பிள்ளையும் உட்காரவில்லை. அவருடைய பெண்சாதி பாஞ்சாலையும் உட்காரவில்லை. ஒரு மனிதனுடைய பிழைப்பில் எத்தனையோ நடக்கும். தங்கையாவைப் பற்றிச் சொல்வதென்றால் எனக்கு அந்த ஏழு மாதம்தான் முதலில் வருகிறது.

எஸ்டேட், ரிங்லெட் என்கிற மலையூருக்கு மேலே. தங்கையாவுக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. பதினான்கு வயதில் புல் வெட்டப் போனார், அப்புறம் மருந்தடித்தார், அப்புறம் துரையின் காரைக் கழுவினார். கழுவிக் கழுவியே அதை ஷெட்டுக்குள் கொண்டுபோய் விடவும், ஷெட்டிலிருந்து எடுக்கவும், கடைசியில் ஓட்டவும் பழகிக்கொண்டார். லைசென்ஸ் எடுத்தபோது வயது முப்பது. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் அதற்கு முன்னால் யாரும் லைசென்ஸ் எடுத்ததில்லை. அந்தத் தலைக்கனம் கொஞ்சம் உண்டு. இல்லை என்று சொன்னால் பொய்.

அவருடைய வேலை இது. லயமும் பேக்டரியும் கீழே. மேல் டிவிஷன் மூன்று மைல் மேலே. நடுவில் தார் ஒரு மைல், மீதியெல்லாம் செம்மண். அந்தச் செம்மண் ரோட்டில் லோரி ஏறாது. காலையில் களத்தில் ஆள் வரிசையாக நிற்கிற பெரட்டில் கங்காணி பேர் கூப்பிட்டு ஆள் பிரித்ததும், பதினோரு பெண்களைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மேலே போவார். சாயங்காலம் அன்றைக்குப் பறித்த கொழுந்தை மூட்டை மூட்டையாக அடுக்கி, அந்த மூட்டைகளுக்கு மேலே அதே பதினோரு பேரையும் உட்காரவைத்து இறக்கிக்கொண்டு வருவார். மழை நாளில் ஈரக் கொழுந்து. அதன் கனம் சொல்லி மாளாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டு. வண்டியின் டயர்கள் நாலும் வழுவழுவென்று தேய்ந்துவிட்டன. அதுவரைக்கும் டயர் வாங்குவது ஸ்டோர்காரர்கள் வேலை. எது வருகிறதோ அதை மாட்டிக்கொள்வது டிரைவர் வேலை. அந்த வருஷம் ஸ்டோரில் கணக்கெழுதும் கிராணி ஹரோல்ட் கூப்பிட்டார். கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு எல்லாரையும் கிண்டல் செய்கிற ஆள்.

"தங்கையா, துரை சொல்லிட்டாரு. ஓட்டறவனே போய்ப் பாத்து எடுக்கட்டும்னு. ரிங்லெட் தவுக்கே கடையில எடுத்துக்க. நல்லா இருந்தா பேரு துரைக்கு. கெட்டுப்போனா பேரு ஒனக்கு."

"கெட்டுப்போகாதுங்க கிராணி ஐயா."

"அதைத்தான் நானும் துரைகிட்ட சொன்னேன். அவரு சிரிச்சாரு."

தங்கையா அந்த ஞாயிற்றுக்கிழமை சும்மா இருக்கவில்லை. பஸ் ஏறி பிரிஞ்சாங் தாண்டி கியா பார்முக்குப் போனார். அங்கே காய்கறித் தோட்டங்களில் லேண்ட்ரோவர்கள் ஈ மாதிரி மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டு ஓடும். அவருடைய பழைய கூட்டாளி மாடசாமி ஒரு முட்டைக்கோஸ் தோட்டத்தில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். பள்ளத்திலிருந்து இருபது கூடை கோஸை ஏற்றிக்கொண்டு, முழங்கால் சேற்றில், சுவர் மாதிரி நிற்கிற சரிவில் மாடசாமியின் வண்டி முனகிக்கொண்டே ஏறி வந்ததைத் தங்கையா வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்.

அந்த டயரைக் குனிந்து தடவினார். டிராக்டர் சக்கரம் மாதிரி பட்டை பட்டையாக ரப்பர் கட்டைகள். இரண்டு பக்கமும் சாய்ந்து நடுவில் கூடி, அம்பு முனை மாதிரி. பக்கவாட்டில், இந்தப் பக்கம் உருள வேண்டும் என்று ஒரு அம்புக்குறியும் போட்டிருந்தது.

"இது சேத்தைத் துப்பிட்டு ஏறும் மச்சான்," என்றார் மாடசாமி. "வேற டயரு சேத்தைத் தின்னுட்டுப் படுத்துக்கும்."

அதற்குமேல் தங்கையாவுக்கு என்ன வேண்டும்? மறுநாள் ரிங்லெட் கடையில் போய் அதே டயர் நாலு என்றார். சீன முதலாளியான தவுக்கே, "டிரைவர், உங்க காடி எங்க ஓடும்?" என்று ஒரு வார்த்தை கேட்டார். "மலையிலதான்லா, வேற எங்க?" என்றார் தங்கையா. கடைக்காரர் அதற்குமேல் கேட்கவில்லை.

ஏறியது. சும்மா சொல்லக்கூடாது, எப்பேர்ப்பட்ட ஈரத்திலும் ஏறியது. மற்ற டிவிஷன் டிரைவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். தங்கையா ஒரு காலைப் பம்பரில் வைத்துக்கொண்டு பதில் சொல்வார். ஐந்து மாதம் அப்படி ஓடியது.

நவம்பரில் மழை பிடித்தது. ஒரு சாயங்காலம், வண்டி நிறையக் கொழுந்து, மேலே பதினோரு பேர், மூங்கில் வளைவுக்கு முந்திய இறக்கம். தங்கையா கீழ் கியரில்தான் வந்தார். பிரேக்கை லேசாகத்தான் தொட்டார். வண்டி நிற்கவில்லை. முன்சக்கரம் திருப்பின பக்கம் போகாமல், இழுத்த பக்கம் போனது. இருபது அடி அப்படியே பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போய், பின்சக்கரம் ஒன்று ரோட்டோரத் தண்ணீர்க் கானில் தொங்க, தேயிலைச் செடியில் முட்டி நின்றது.

பின்னால் இருந்தவர்கள் மூட்டையோடு மூட்டையாக உள்பக்கம் சரிந்தார்கள். பாஞ்சாலை உள்ளே, கேபின் பக்கம் உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் அவள்மேல்தான் விழுந்தார்கள். காரை எலும்பில் விரிசல். தானா ராத்தா ஆஸ்பத்திரியில் கையைக் கட்டித் தொங்கவிட்டு அனுப்பினார்கள். ஆறு வாரம் வேலை இல்லை.

அது விபத்து. யாருக்கும் நடக்கும். ஆனால் அங்கேயே, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன்னால், தங்கையா கானிலிருந்து வண்டியை மேலே ஏற்றியதும், முகம் வெளுத்து நின்ற பெண்களைப் பார்த்து ஒன்று சொன்னார்.

"எல்லாரும் ஒரே பக்கமா குமிஞ்சு உக்காந்துக்கிட்டா காடி வழுக்காம என்ன செய்யும்? எத்தனை தடவை சொல்றது ஒங்களுக்கு?"

அப்படி அவர் முன்னால் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. பாஞ்சாலை வலிக்கிற தோளைப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

மறுநாள் காலை மற்றப் பெண்கள் வழக்கம்போல வண்டியில் ஏறி மேலே போனார்கள். சாயங்காலம் மூட்டையை அடுக்கிக் கொடுத்துவிட்டு, கூடையை முதுகில் போட்டுக்கொண்டு, இறக்கத்தில் நடக்க ஆரம்பித்தார்கள்.

"ஏறுங்க, ஏறுங்க. மழை வருது," என்றார் தங்கையா.

பெண்களில் வாய்க்காரி வேலம்மா. அவள்தான் பதில் சொன்னாள். "நீங்க போங்கண்ணே. நாங்க காலாற நடந்து வாறோம்."

காலையில் ஏறுவார்கள், மாலையில் நடப்பார்கள். ஆறு வாரம் கழித்துப் பாஞ்சாலை வேலைக்குத் திரும்பியபோது அவளும் அதையே செய்தாள். தங்கையா கொழுந்து மூட்டைகளை மட்டும் ஏற்றிக்கொண்டு மெதுவாக உருட்டிக்கொண்டு வருவார். பெண்கள் செடிகளுக்கு நடுவே குறுக்குப் பாதையில் இறங்கி, சில நாள் அவருக்கு முன்னாலேயே தார் ரோட்டுக்கு வந்து நிற்பார்கள். அவர் வண்டி தாண்டும்போது சிரிப்புச் சத்தம் கேட்கும். அவரைப் பார்த்துச் சிரித்தார்களோ, வேறு எதற்கோ. வண்டிக்குள் இருக்கிறவனுக்கு எல்லாம் தன்னைப் பார்த்த மாதிரிதான்.

அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அவர்கள் திரும்ப உட்கார வேண்டும். மற்றவர்கள் உட்காராவிட்டாலும் போகிறது, பாஞ்சாலை உட்கார வேண்டும். வீட்டில் சோறு போட்டாள், துணி துவைத்தாள், பேசினாள். டயரைப் பற்றி மட்டும் பேசவில்லை. அவரும் பேசவில்லை.

ஒரு நாள் ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு இருக்கும்போது அவருக்கு ஒன்று உறைத்தது. ஓட்டுகிறவனை நம்பாவிட்டால் காலையிலும் ஏறமாட்டார்களே. ஏற்றத்தை நம்புகிறார்கள், இறக்கத்தைத்தான் நம்பவில்லை. பதினோரு பெண்களும் பேசிவைத்துக்கொண்டது மாதிரி கண்டுபிடித்துவிட்டதை, ஓட்டுகிற தான் கண்டுபிடிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு கியா பார்முக்குப் போனார். மாடசாமி வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"மச்சான், எறங்கறப்போ ஒன் காடி வழுக்காதா?"

"எறங்கறப்போ என்ன இருக்கு? காலிக் கூடை. வழுக்குனாலும் பள்ளத்துல போய் நிக்கும், கோஸுக் கொல்லைதானே. ஏத்திக்கிட்டு ஏறுறதுக்குத்தான் இந்த டயரு." மாடசாமி தண்ணீர்க் குழாயை நிறுத்திவிட்டுக் கேட்டார். "நீ என்னத்தை ஏத்திக்கிட்டு எறங்கறே?"

"ஆளு," என்றார் தங்கையா.

மாடசாமி குழாயைத் திரும்பத் திறந்துவிட்டார்.

காய்கறித் தோட்டத்தில் பாரம் பள்ளத்திலிருந்து ரோட்டுக்கு ஏறுகிறது. தேயிலைத் தோட்டத்தில் பாரம் மலையிலிருந்து பேக்டரிக்கு இறங்குகிறது. ஒரே மலை, ஒரே மழை, ஒரே சேறு. பாரம் போகிற திசை மட்டும் வேறு. அடுத்தவன் டயரைப் பார்த்து ஆசைப்பட்ட தங்கையா அதை யோசிக்கவே இல்லை. தவுக்கே கேட்டபோது யோசித்திருக்கலாம். வாய் முந்திக்கொண்டது.

திரும்பி வந்து மூங்கில் வளைவில் வண்டியை நிறுத்திவிட்டு, மண்ணில் குந்தி உட்கார்ந்து தன் வண்டித் தடத்தையே பார்த்தார். ஏறின தடம் அச்சு வார்த்த மாதிரி சுத்தமாக இருந்தது. இறங்கின தடம் மெழுகின தரை மாதிரி இருந்தது. கொஞ்ச நேரத்தில் புரிந்தது. ஏறும்போது அந்த அம்பு முனை சேற்றை இரண்டு பக்கமும் வெளியே தள்ளுகிறது. பிரேக் பிடித்தால் எல்லாம் தலைகீழ். அம்பின் அகன்ற வாய் சேற்றை உள்ளே வாரிக்கொள்கிறது. பட்டைகளுக்கு நடுவே சேறு அப்பிக்கொண்டால் அப்புறம் அது டயர் இல்லை, சேற்று உருண்டை.

மறுநாள் ஜாக்கி போட்டு முன்சக்கரங்கள் இரண்டையும் கழற்றினார். இடதை வலதிலும் வலதை இடதிலும் மாட்டினார். அம்புக்குறி இப்போது பின்னால் பார்த்தது. ஹரோல்ட் கிராணி ஸ்டோர் வாசலில் நின்று பார்த்தார்.

"என்ன தங்கையா, செருப்பைக் கால் மாத்திப் போட்ட மாதிரி இருக்கு?"

"பின்னால ரெண்டும் ஏத்தும். முன்னால ரெண்டும் பிடிக்கும், கிராணி ஐயா."

"கம்பெனிக்காரன் அம்புக்குறி போட்டிருக்கான். நீ கம்பெனிக்காரனை விடப் படிச்சவனா?"

"கம்பெனிக்காரன் மூங்கில் வளைவு பாத்ததில்ல."

கிராணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிக்க வாய் எடுத்தவர் சிரிக்காமல் போய்விட்டார்.

ஸ்டோரில் சொல்லிக் கேட்டு, பதினோரு உரமூட்டையை ஏற்றிக்கொண்டு, மழை பெய்கிற மத்தியானமாகப் பார்த்து அந்த இறக்கத்தில் இறங்கினார். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். இறக்கத்தின் நடுவில் வேண்டுமென்றே பிரேக்கை மிதித்தார். வண்டி ஒரு முழம் இழுத்தது, நின்றது. இன்னொரு தடவை. நின்றது. தங்கையா கதவைத் திறந்து மலைப்பக்கம் பார்த்தார். பெண்கள் குனிந்து கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். அன்று சாயங்காலமும் நடந்துதான் போனார்கள்.

மாற்றிப் போட்டது ஒட்டுவேலைதான் என்று அவருக்கே தெரியும். தார் ரோட்டில் அந்தப் பட்டைகள் சீக்கிரம் தேய்ந்து போயின. அதோடு இன்னொரு கேடு. மேல் டிவிஷனில் அந்த வருஷம் கவாத்து. வெட்டின தேயிலைக் கிளைகள் ஈட்டி மாதிரி ரோட்டோரம் நீட்டிக்கொண்டு நிற்கும். வண்டி கொஞ்சம் ஒதுங்கினால் டயரின் விலாவில் குத்திக் கிழிக்கும். மே மாதத்துக்குள் இரண்டு டயர் விலா கிழிந்து போனது. ஹரோல்ட் கிராணி திரும்பக் கூப்பிட்டார்.

"போய் எடு. இந்தத் தடவை யாரு காடியைப் பாத்து?"

"என் காடியைப் பாத்துதாங்க."

இந்தத் தடவை தங்கையா ரிங்லெட்டுக்கு ஒரு சாக்குப்பையோடு போனார். உள்ளே ஒரு கவாத்துக் கட்டை, முழங்கை நீளம், நுனி கத்தி மாதிரி. தவுக்கே முதலில் பளபளவென்று அகலமான டயர் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். "இது புதுசுலா டிரைவர். பாகுஸ், ரொம்ப நல்லது. ஆளு பாத்தா மயங்கிடும்."

தங்கையா கையால் அளந்தார். "வேணாம் தவுக்கே. அகலம் சேத்து மேல மெதக்கும். எனக்கு மெதக்கறது வேணாம். சேத்தைக் கிழிச்சிக்கிட்டு அடியில இருக்கற கல்லைத் தொடணும். ஒல்லியா, ஒசரமா குடுங்க."

ஒல்லியானதில் மூன்று விதம் வந்தது. ஒவ்வொன்றிலும் இரண்டு விரலை ரப்பர் கட்டைகளுக்கு நடுவே விட்டுப் பார்த்தார். விரல் தாராளமாகப் போக வேண்டும், இல்லாவிட்டால் சேறு தங்கும். ஒன்று அங்கேயே கழிந்தது. மீதி இரண்டையும் கடைக்குப் பின்னால் ஈரமண்ணில் வைத்து, மேலே ஏறி நின்று மிதித்தார். அச்சை முன்னாலிருந்து பார்த்தார், சுற்றிப் போய்ப் பின்னாலிருந்து பார்த்தார். ஒன்றில் அச்சு எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒரே மாதிரி. ராணுவ லோரியில் இருப்பது போல நேர்ப்பட்டை, மாறி மாறி. ஏறுவதற்கு ஒரு நியாயம், இறங்குவதற்கு ஒரு நியாயம் என்று இல்லாத டயர். பழைய டயரைப் போல முரட்டுத்தனமாக ஏறாது. பரவாயில்லை, இரண்டு தடவை முக்கி ஏறட்டும்.

பிறகு சாக்கிலிருந்து கட்டையை எடுத்தார். டயரின் விலாவில் நுனியை வைத்து, நெஞ்சைக் கொடுத்து அழுத்தினார்.

"அலாமா! டிரைவர், புது டயர்லா! புது டயர்!" தவுக்கே ஓடிவந்து கையைப் பிடித்தார்.

"இங்கேயே கிழிஞ்சா எனக்கு நல்லதுலா. மேல போய்க் கிழியாம இருக்கும்."

விலா உள்ளே குழிந்தது, விட்டதும் எழும்பியது. ஒரு கீறல், அவ்வளவுதான். உள்ளே எட்டு அடுக்குத் துணி என்றார் தவுக்கே. எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்துக்கொண்டு, ஐந்து எடுத்தார். ஒன்று மாற்றுக்கு. புறப்படும்போது தவுக்கே அந்தக் கட்டையைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். அடுத்த வாடிக்கைக்காரருக்கு வித்தை காட்டவா, ஒளித்துவைக்கவா தெரியவில்லை.

புது டயர் மாட்டின அன்று சாயங்காலம் நல்ல மழை. தங்கையா வண்டியின் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏறுங்க. புது டயரு. எறக்கத்துக்குன்னே பாத்து எடுத்தது."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வேலம்மா தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டே சொன்னாள்.

"வேணாம்ணே. நாங்க ஒரே பக்கமா குமிஞ்சு உக்காந்துருவோம். காடி பாவம்."

சிரிப்பு வந்தது. பாஞ்சாலை சிரிக்கவில்லை. கூடையைச் சரிசெய்துகொண்டு எல்லாருக்கும் முன்னால் இறங்கிப் போனாள்.

அன்று வீட்டில் தங்கையா சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். "டயரு மேல இன்னும் நம்பிக்கை வரலியா ஒனக்கு?"

"டயரை யாரு சொன்னா?" என்றாள் பாஞ்சாலை. "மாத்திப் போட்டீங்களே, அன்னைக்கே தெரியும், டயருதான் தப்புன்னு. உரமூட்டை ஏத்திக்கிட்டு எறங்குனப்போ நாங்க எல்லாம் பாத்தோம்." குழம்பை ஊற்றினாள். "ஒங்களுக்கும் தெரியும். தெரிஞ்சுக்கிட்டு, எங்க மேல போட்ட பழியை எங்க மேலயே விட்டுட்டு, டயரை மட்டும் மாத்திக்கிட்டே இருக்கீங்க."

தங்கையா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். லைசென்ஸ் எடுத்த நாளிலிருந்து லயத்தில் யாரிடமும் அவர் தப்பு என்று ஒப்புக்கொண்டதில்லை. வண்டி விஷயத்தில் ஒப்புக்கொள்ள வேண்டிவரும் என்று நினைத்ததுகூட இல்லை.

காலையில் பெரட்டுக்கு நின்றார்கள். எஸ்டேட்டில் ஒருவன் ஒன்றை எல்லாரும் கேட்கச் சொல்ல வேண்டுமானால் பெரட்டில்தான் சொல்ல வேண்டும். ஆனால் அங்கே பேசுகிறவர்கள் கங்காணியும் கிராணியும்தான். டிரைவர் தள்ளி, வண்டிக்குப் பக்கத்தில் நிற்பான். கங்காணி பேர் கூப்பிட்டு முடித்ததும் தங்கையா வண்டியை விட்டு நடந்து, வரிசைக்கு முன்னால் வந்து நின்றார். வாயிலிருந்து பனிப்புகைதான் முதலில் வந்தது.

"நவம்பர்ல காடி வழுக்குனது நீங்க உக்காந்ததால இல்ல. நான் தப்பான டயரு வாங்கினேன். கோஸுக் காடி டயரு. ஏறுறதை மட்டும்தான் பாத்தேன். ஒங்க மேல பழியைப் போட்டது தப்பு."

கங்காணி என்ன செய்வதென்று தெரியாமல் பேர்ப்பட்டியலைத் திரும்பப் புரட்டினார். தங்கையா காது சிவக்க வண்டிக்குத் திரும்பி நடந்தார்.

"இதைச் சொல்ல ஏழு மாசமாண்ணே?" என்று வரிசையிலிருந்து வேலம்மாவின் குரல் வந்தது. "எங்க முழங்காலு தேஞ்சுபோச்சு. அதுக்கு எந்தக் கடையில டயரு வாங்கறது?"

அப்போது எல்லாருமே சிரித்தார்கள். கங்காணியும் சிரித்தார். தங்கையா மட்டும் பேனட்டைத் திறந்து, பார்க்க வேண்டிய அவசியமே இல்லாத எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் மூட்டை அடுக்கி முடிந்ததும் வேலம்மா முதலில் ஏறினாள். ஏறிவிட்டு, "பாத்துக்கங்கடி, ரெண்டு பக்கமும் சரிசமமா உக்காருங்க," என்று உரக்கச் சொன்னாள். ஒவ்வொருவராக ஏறினார்கள். பாஞ்சாலை கடைசி. உள்ளே கேபின் பக்கம் இடம் விட்டிருந்தார்கள். அவள் அங்கே போகவில்லை. பின்கதவு ஓரத்திலேயே உட்கார்ந்து, ஒரு காலை மடக்கி, ஒரு காலை வெளியே தொங்கவிட்டுக்கொண்டாள். ஏதாவது என்றால் குதித்துவிடலாம்.

தங்கையா கண்ணாடியில் அதைப் பார்த்தார். உள்ளே வா என்று கூப்பிடவில்லை. கீழ் கியரைப் போட்டு, பிரேக்கில் காலை வைக்காமலே, நடக்கிற வேகத்தில் மூங்கில் வளைவைத் தாண்டினார்.

அந்த டயர்கள் இரண்டரை வருஷம் உழைத்தன. தேய்ந்ததும் அதே மாதிரிதான் திரும்ப வாங்கினார். எண்பத்தெட்டில் அவர் வேலையை விடும்வரை வேறு மாதிரி வாங்கவில்லை. பாஞ்சாலை தினமும் வண்டியில் இறங்கி வந்தாள். ஆனால் அந்தத் தொங்கின காலை உள்ளே எடுத்துக்கொள்ள அவளுக்கு அடுத்த வருஷ மழைக்காலம் வரைக்கும் ஆனது. அப்போதும் சாரலில் பாதம் நனைகிறது என்றுதான், கொழுந்து மூட்டைக்கு நடுவே இழுத்துக்கொண்டாள். அவ்வளவுதான். அன்றைக்கு அந்த வளைவு வரும்வரை, ரோட்டைப் பார்க்க வேண்டிய தங்கையா, கண்ணாடியைத்தான் அதிகம் பார்த்தார்.